மைனஸ் பவர் அதிகம், ஒரு கண்ணில் புரை: ஆபரேஷனுக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புரை ஆபரேஷன் யாருக்கும் புதிதில்லை. தெருவுக்கு நாலு பேராவது செய்துகொண்டிருப்பார்கள். அதனால் மைனஸ் 8, 10, 12 என்று தடித்த கண்ணாடி போடுகிறவர்களும், தங்களுக்கு ஒரு கண்ணில் புரை வந்ததும், ‘எதிர்வீட்டு அம்மாவுக்குச் செய்ததைத்தானே நமக்கும் செய்யப்போகிறார்கள்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆபரேஷன் மேசையில் நடப்பது கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதிக மைனஸ் உள்ளவர் அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. ஆபரேஷன் ஆன கண்ணை எந்த நம்பரில், அதாவது எந்தக் கண்ணாடிப் பவரில், நிறுத்துவது? அதோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய மற்ற கண்ணுக்கு என்ன வழி?

நான் கண்ணாடிக் கடைக்காரன். இந்த இரண்டையும் பேசாமலே ஆபரேஷனை முடித்துவிட்டு, “ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க” என்று வருகிறவர்களுக்கு என்னால் கண்ணாடியில் வழி சொல்ல முடிவதில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். முடிவு உங்கள் டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுப்பது. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மங்கலுக்குக் காரணம் புரைதானா?

கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்குப் புரை மற்றவர்களைவிடச் சீக்கிரமே வரக்கூடும். ஐம்பது வயதிலேயே வந்து நிற்பவர்கள் உண்டு. பல வருடம் மைனஸ் 8-லேயே நின்ற கண் திடீரென்று 9.5, அப்புறம் 11 என்று ஏறும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகிப் பழுப்பேறும்போது அதன் பவர் கூடுவதால் இப்படி ஆகிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால், அடுத்த கண்ணாடிக்குப் பணம் கட்டாதீர்கள்; முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் சிதறிக் கண்ணைக் கூசுவதும், வெள்ளை வேட்டி மங்கிய மஞ்சளாகத் தெரிவதும் புரையின் அடையாளங்கள்தான்.

ஆனால் அதே கண்ணில் ரெட்டினாவும், அதாவது விழித்திரையும், கெட்டிருக்கலாம். சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். 26-ஐத் தாண்டினால் நீண்ட கண் என்பார்கள். அப்படிப்பட்ட கண்ணின் உள்சுவரில் ரெட்டினா இழுத்துக் கட்டிய துணி மாதிரி மெலிந்துபோயிருக்கும். கதவு நிலையோ, கோடு போட்ட நோட்டின் வரியோ வளைந்து தெரிகிறதா? நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் கறை போல் மறைக்கிறதா? அது புரையால் வருவதில்லை. ரெட்டினாவின் நடுப்பகுதியைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஓ.சி.டி. என்ற ஸ்கேன் இருக்கிறது, வலி இல்லாதது. புரை ரொம்பக் கெட்டியாகி உள்ளே எதுவும் தெரியவில்லை என்றால் பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். சின்ன வயதிலிருந்தே அந்தக் கண்ணில் பார்வை குறைவு என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைகள் முடிந்ததும் நேராகவே கேளுங்கள்: “புரையை எடுத்தா எவ்வளவு பார்வை திரும்பும் டாக்டர்?” ரெட்டினா நன்றாக இருந்தால் நிறையத் திரும்பும். நடுப்பகுதி கெட்டிருந்தால் வெளிச்சமும் நிறமும் தெளிவாகும், ஆனால் எழுத்து படிப்பது கஷ்டமாகவே இருக்கலாம். இதை முன்பே தெரிந்துகொள்வதும், ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த பிறகு தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல.

‘புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்று பெரியவர்கள் சொல்வது பழைய முறை ஆபரேஷன் காலத்துப் பேச்சு. முத்தவிட்டால் லென்ஸ் கல்லாகி, உடைத்து எடுப்பது கடினமாகும். பின்னால் இருக்கும் ரெட்டினாவையும் சோதிக்க முடியாமல் போகும். அதே சமயம், புரை இருக்கிறது என்று சீட்டில் எழுதியதற்காக அடுத்த வாரமே ஓட வேண்டியதும் இல்லை. அன்றாட வேலை தடைபடுகிறதா, இரவில் பைக் ஓட்டப் பயமாக இருக்கிறதா, கண்ணாடி மாற்றியும் பயனில்லையா என்பதுதான் கணக்கு.

எங்கே போவது

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினால் அரியாங்குப்பத்துக்கு முன்னால் தவளக்குப்பம் வரும். அங்கே 2003-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர், மஞ்சக்குப்பத்தில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, இது தவிர இரண்டு ஊரிலும் தனியார் கண் மருத்துவமனைகள். எங்கே போனாலும் சரி, அதிக மைனஸ் உள்ளவர் பார்க்க வேண்டியது ஒன்று: அங்கேயே ரெட்டினா டாக்டர் இருக்கிறாரா, இல்லாவிட்டால் அவரிடம் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஆபரேஷன் செய்வார்களா? ஊரில் நடக்கும் கண் முகாமில் புரை என்று சொல்லியிருந்தால் அதை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போனதும், “எனக்கு மைனஸ் 10, ரெட்டினா பார்க்கணும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ரெட்டினாவைப் பார்ப்பதற்காகக் கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியாது. அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகள் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப்போங்கள். சிறுநீர் சரியாகப் போவதற்காக டாம்சுலோசின் என்ற மாத்திரை சாப்பிடும் ஆண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் பாப்பா சரியாக விரியாமல் தொல்லை கொடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

ரெட்டினாவின் ஓரங்களில் மெலிந்த இடமோ ஓட்டையோ தெரிந்தால், சில சமயம் முதலில் லேசர் போட்டுச் சுற்றிலும் ஒட்ட வைத்துவிட்டு, அப்புறம் புரையை எடுப்பார்கள். இதனால் சில வாரம் தள்ளிப்போனால் கவலைப்படாதீர்கள். நீண்ட கண்ணில் ரெட்டினா பிரிந்துவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். புரை ஆபரேஷன் அந்த ஆபத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது, அதிலும் வயது குறைவான ஆண்களுக்கு.

எந்த நம்பரில் நிறுத்துவது

நிறையப் பேசி, நிதானமாக முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸின் பவரைப் பொறுத்து உங்கள் கண் ஜீரோவில் நிற்கலாம், மைனஸ் 3-ல் நிற்கலாம், மைனஸ் 7-ல்கூட நிற்கலாம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு, அதாவது ஜீரோவை ஒட்டித்தான் கணக்குப் போடுவார்கள். நிறையப் பேருக்கு அது சரியாகவும் இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, இரண்டு கண்ணிலும் மைனஸ் 10. வலது கண்ணில் புரை. அவர் கேட்டது: “தம்பி, ஊசி கோக்கறப்ப நான் கண்ணாடியக் கழட்டிட்டு மூக்குக்கிட்ட வெச்சிப் பார்ப்பேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அது போயிடுமா?”

“ஜீரோல நிறுத்தினா போயிடும்க்கா.”

மைனஸ் 10 உள்ள கண் கண்ணாடி இல்லாமலே 10 சென்டிமீட்டரில் தெளிவாகப் பார்க்கும். அரிசியில் கல் பொறுக்குவது, மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிப்பது எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. ஜீரோவில் நிறுத்தினால் பஸ் போர்டு கண்ணாடி இல்லாமல் தெரியும். ஆனால் கையில் இருக்கும் போனைப் படிக்கப் பிளஸ் கண்ணாடி வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கிட்டத்தில் பார்த்தே பழகியவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மைனஸ் 2.5-ல் நிறுத்தினால் 40 சென்டிமீட்டரில், மைனஸ் 3-ல் நிறுத்தினால் சுமார் 33 சென்டிமீட்டரில் கண்ணாடி இல்லாமல் தெரியும். டி.வி. பார்க்கவும் வெளியே போகவும் மெல்லிய கண்ணாடி ஒன்று போதும். தையல், எழுத்து, கணக்கு, சமையல் என்று கிட்டத்து வேலையே வாழ்க்கை என்றால் இதை டாக்டரிடம் கேளுங்கள். கடலுக்குப் போகிறவர், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் என்றால் தூரப் பார்வைதான் உதவும்.

இப்போது மற்ற கண்ணுக்கு வருவோம். வலது கண் ஜீரோ, இடது கண் மைனஸ் 10. இதற்குக் கண்ணாடி போட்டால் என்ன ஆகும்? மைனஸ் 10 கண்ணாடி உருவத்தைக் கிட்டத்தட்ட 10 சதவீதம் சிறிதாக்கிக் காட்டும். வலது கண்ணில் முழு உருவம், இடது கண்ணில் சின்ன உருவம். மூளையால் இரண்டையும் ஒட்ட வைக்க முடியாது. கண்ணைத் தாழ்த்திப் படியையோ தட்டையோ பார்த்தால் உருவங்கள் மேலும் கீழுமாகப் பிரியும். இரண்டு கண்ணுக்கும் இடையே சுமார் 3 பவர் வரை வித்தியாசம் இருந்தால் கண்ணாடியில் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலோருக்கு முடியாது.

இதை ஆபரேஷனுக்கு முன்பே ஒத்திகை பார்க்கலாம். புரை உள்ள கண்ணில் ஒரு சோதனை காண்டாக்ட் லென்ஸ், மற்ற கண்ணில் வழக்கமான கண்ணாடி லென்ஸ். அந்த அக்காவுக்கு அப்படித்தான் போட்டுவிட்டேன். கடை வாசல் வரை போனவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “என்னா தம்பி, படி ரெண்டா இருக்கு?” கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணிலும் காண்டாக்ட் லென்ஸ் போட்டதும் படி ஒன்றானது. புரைக் கண் மங்கலாகத் தெரிந்தாலும் வித்தியாசம் அவருக்குப் புரிந்துவிட்டது. புரை ரொம்ப அடைத்திருந்தால் மட்டும் இந்த ஒத்திகை பயன்படாது.

ஆக, இருக்கும் வழிகள் இவை.

மற்ற கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸ். அது கண்ணின் மேலேயே உட்காருவதால் உருவம் அவ்வளவாகச் சிறுக்காது. கண்ணாடியில் மைனஸ் 10 என்றால் காண்டாக்ட் லென்ஸில் 9 பக்கம் வரும். கை நடுங்காதவர், தினமும் சோப்புப் போட்டுக் கை கழுவிப் போட்டுக் கழற்றக்கூடியவர், குழாய்த் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்பவர் என்றால் இது நல்ல வழி. அறுபத்தைந்து வயதில் புதிதாகப் பழகுவது எல்லோருக்கும் முடியாது.

இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன். அதில் லேசான புரை இருந்தாலும், இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தையே போதுமான காரணமாக டாக்டர்கள் ஏற்பார்கள். அறுபதைத் தாண்டியவர், இரண்டாவது கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது என்றால், என்னைக் கேட்டால், முதலிலிருந்தே இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள் என்பேன். முதல் கண் எந்த நம்பரில் வந்து நின்றது என்று பார்த்து இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ளும் வசதியும் இதில் இருக்கிறது. ஆனால் நாற்பத்தெட்டு வயது, மற்ற கண்ணில் புரையே இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம். ரெட்டினா பிரியும் ஆபத்தை வைத்து டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

புரைக் கண்ணையும் மைனஸிலேயே நிறுத்துவது. மற்ற கண் மைனஸ் 5 என்றால் இந்தக் கண்ணை மைனஸ் 2.5-ல் நிறுத்தலாம், வித்தியாசம் 2.5 தான், கண்ணாடியிலேயே சமாளிக்கலாம். எனக்குப் பிடித்த கணக்கு இது. மற்ற கண் மைனஸ் 10 என்றால் இதை 7-ல் நிறுத்த வேண்டி வரும். தடித்த கண்ணாடி கடைசிவரை கூடவே இருக்கும். பின்னால் மற்ற கண்ணில் புரை எடுக்கும்போதும் அந்த 7 கையைக் கட்டிப்போடும். காண்டாக்ட் லென்ஸும் முடியாது, மற்ற கண்ணில் ஆபரேஷனும் கூடாது என்பவருக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

மற்ற கண் சின்ன வயதிலிருந்தே பார்வை குறைந்த சோம்பேறிக் கண் என்றால் வித்தியாசம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. சிலருக்கு மைனஸ் 10 கண்ணைக் கண்ணாடி போடாமல் அப்படியே விட்டால் மூளை அந்த மங்கலை ஒதுக்கிவிடும். இரண்டு ஆபரேஷனுக்கும் இடைப்பட்ட சில வாரங்களைப் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

அளவு எடுக்கும் நாள்

எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்பது கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து போடும் கணக்கு. காண்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வளைவைத் தற்காலிகமாக மாற்றிவிடும். மென்மையான லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று வாரமோ அதற்கு மேலோ போடாமல் இருந்துவிட்டு அளவுக்குப் போக வேண்டும். எத்தனை நாள் என்பதை அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். மேலே சொன்ன ஒத்திகையை இதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். கண்ணாடியைத் தவிர்க்க முன்பு லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், கணக்கே மாறும்.

சாதாரணக் கண்ணுக்கு 20, 21 பவர் லென்ஸ் வைப்பார்கள். நீண்ட கண்ணுக்கு 6, 2 என்று குறையும். சிலருக்கு ஜீரோ, மைனஸ்கூட வரும். பவரே ஜீரோ என்றாலும் லென்ஸ் வைப்பது நல்லது என்பதுதான் வழக்கம், பழைய லென்ஸைச் சுற்றியிருந்த உறைக்கு அது தாங்கலாக இருக்கும். இவ்வளவு குறைந்த பவர் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. “என் பவர் லென்ஸ் இருக்கா, வரவழைக்கணுமா?” என்று தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நீண்ட கண்ணில் பழைய கணக்கு முறைகள் கொஞ்சம் பிளஸ் பக்கம் தவறக்கூடியவை. இன்றைக்கு பேரட் போன்ற புதிய கணக்கு முறைகள் வந்து அது குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. பிளஸ் 1-ல் நின்றுவிட்டால் கண்ணாடி இல்லாமல் தூரமும் தெளிவில்லை, கிட்டமும் தெளிவில்லை. அதனால் தூரப் பார்வைக்கு என்றாலும் ஜீரோவுக்குச் சற்று மைனஸ் பக்கமாகவே குறி வைப்பார்களா என்று கேளுங்கள்.

லென்ஸும் பணமும்

ஒரே தூரத்துக்கான மோனோஃபோக்கல் லென்ஸ் போதும். தூரம், கிட்டம் இரண்டையும் தரும் மல்டிஃபோக்கல் லென்ஸ் விலை அதிகம்; நடு ரெட்டினா பழுதுள்ள கண்ணில் அது எழுத்தை இன்னும் மங்கலாக்கும். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் அதையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றிக் கேட்கலாம். உள்நாட்டு லென்ஸ் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். மதுரை ஆரோலேப் 1992-லிருந்து செய்யும் லென்ஸ்கள் பல நாடுகளுக்குப் போகின்றன.

காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் கடலூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தவளக்குப்பமும் கோரிமேடும் தமிழ்நாடு இல்லை. உங்கள் அட்டை அங்கே செல்லுமா, எந்த லென்ஸ் வரை அடங்கும் என்று போவதற்கு முன்பே கேளுங்கள். தனியார் பாலிசிகளில் புரைக்குக் காத்திருப்புக் காலமும், ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பும் வைத்திருப்பது வழக்கம். இரண்டு கண்ணுக்கும் திட்டமிடுபவர்கள் பாலிசியில் இதைப் படித்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

ஆபரேஷன் அன்றும் அடுத்த வாரங்களும்

மரத்துப்போகச் சொட்டு மருந்தா, ஊசியா என்று கேளுங்கள். நீண்ட கண்ணின் பின்புறம் ஊசி போடுவதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால் பல டாக்டர்கள் சொட்டு மருந்திலேயே செய்வார்கள். நடுவில் ஒரு கணம் உள்ளே ஆழமாக வலிப்பது போல் இருக்கலாம். தலையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சொட்டு மருந்து சில வாரம், வரவரக் குறைத்துக்கொண்டே போடுவது. அதில் ஸ்டீராய்டு இருக்கும். அதிக மைனஸ் உள்ளவர்களில் சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றும், வெளியே ஒன்றும் தெரியாது. கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். தலைக்கு ஊற்றுவது, எண்ணெய்க் குளியல், கண்ணைக் கசக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கூடாது. இரண்டு கண்ணும் ஒத்துழைக்காத அந்த வாரங்களில் ஆழம் சரியாகத் தெரியாது. பஸ் படி, மாடிப்படி, சாக்கடை ஓரம் எல்லாவற்றிலும் கை பிடித்தே போங்கள், பைக்கைத் தொடாதீர்கள்.

முதல் சில நாட்களில் வலியோடு கண் சிவந்து பார்வை குறைந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். மாதங்கள், வருடங்கள் கழித்தும்கூட, கண் ஓரத்தில் மின்னல் அடிப்பது, கரும்புள்ளிகள் திடீரென்று கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல் மறைப்பது என்று எது வந்தாலும் ரெட்டினா பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம். நடுப்பகுதி பிரிவதற்கு முன் போனால் பார்வையைக் காப்பாற்ற முடியும். பொங்கல் கழித்துப் போகலாம், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணாடிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து வாருங்கள். அதற்கு முன் பவர் நிலையாக நிற்காது, செலவுதான் வீண். சில மாதமோ வருடமோ கழித்து மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கியிருக்கலாம். யாக் லேசரில் சில நிமிடத்தில் சரியாகும். அதற்கு முன்பும் ரெட்டினாவைப் பார்த்துவிடுவது நல்லது. கண்ணாடியே வேண்டாம் என்று ஆகிவிட்டாலும் கண்ணின் நீளம் குறைந்துவிடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் செய்யாத கண்ணையும் சேர்த்து.